நாலரை அடி பேஸ்மட்டம்

உக்காருங்க சார். ஃபேனுக்கு நேரா உக்காருங்க. பிளானை அப்புறம் விரிக்கலாம், அது எங்க ஓடிடப் போகுது. முதல்ல காபியைக் குடிங்க. வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே ஒண்ணு கேட்டீங்க பாருங்க, அதுக்குப் பதில் சொல்லாம உங்ககிட்ட அட்வான்ஸ் வாங்கினா அந்தக் காசு என் கையில ஒட்டாது. உங்க தங்கச்சி வீடும் நீங்க கட்டினதுதானாமேன்னு கேட்டீங்க. கேட்ட தினுசுலயே தெரிஞ்சுபோச்சு, யாரோ உங்க காதுல போட்டு அனுப்பியிருக்காங்க. யாருன்னு சொல்ல வேண்டாம். அந்தத் தெருவுல எல்லாருக்கும் இப்ப அதே பொழப்பாப் போச்சு.

நான் கட்டினதுதான் சார். இதுல மறைக்க என்ன இருக்கு? புதூர்ல போயி மாணிக்கம் தங்கச்சி வீடு எதுன்னு கேட்டா சின்னப் பிள்ளைகூட காட்டும். அந்தத் தெருவுலயே உசரமான வீடு. முகப்பு எலிவேஷன் பாத்தீங்கன்னா நின்னு பாத்துட்டுத்தான் போவீங்க. அப்படி ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்தவன்கூடத்தான் அவ இன்னைக்கு வரைக்கும் முகம் கொடுத்துப் பேசறதில்ல. நடந்ததைச் சொல்றேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் எங்க தப்பு பண்ணேன்னு.

எஸ்டிமேட் எல்லாப் பயலும் போடுவான் சார். சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேப்பர்ல எழுதிக் கொடுக்க இன்ஜினியர் எதுக்கு, ஜோசியக்காரனே போதும். எழுதினதுக்குள்ள வேலையை முடிக்கிறவன் எத்தனை பேரு? நான் முடிப்பேன். இத்தனை வருஷத்துல எழுதினதுக்கு மேல ஒரு பார்ட்டிகிட்டயும் கை நீட்டினதில்ல. ஊர்ல எனக்கு மிச்சம் மாணிக்கம்னே பேரு. கிண்டலுக்குத்தான் வச்சானுங்க, நான் அதைப் பட்டமாவே எடுத்துக்கிட்டேன். எப்படி மிச்சம் வருதுன்னா, ரகசியம் ஒண்ணும் இல்ல. கட்டடத்துல ரெண்டே இடம்தான். பார்ட்டி கண்ணு படுற இடம், படாத இடம். படுற இடத்துல தாராளமா செய்யணும், படாத இடத்துல கணக்கா செய்யணும். பூசி மறைச்சப்புறம் யாரு தோண்டிப் பாக்கப் போறா? உங்க வீட்டுல அப்படிச் செய்ய மாட்டேன், அது வேற. பொதுவாச் சொல்றேன்.

தங்கச்சி பேரு செண்பகம். எனக்கு ஒரே தங்கச்சி. அப்பா இல்லாத குறைக்கு நான்தான் முன்ன நின்னு கட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளை பேரு குமரகுரு. டிப்ளமோ படிச்சவரு, வேலை தெரிஞ்சவரு, வாய் மட்டும் கம்மி. என்கிட்டயே சூப்பர்வைசரா வச்சுக்கிட்டேன். வெளி ஆளுக்குக் கொடுக்கிறதை விட சம்பளம் கொஞ்சம் கம்மிதான். சொந்தத்துக்குள்ள என்ன சார் சம்பளம்? சம்பளத்தைப் பாத்தா சொந்தம் எங்க மிஞ்சும்?

ஒரு அபார்ட்மென்ட் வேலை ஓடிக்கிட்டிருந்துச்சு. ரெண்டாவது மாடி பால்கனியிலேர்ந்து மாப்பிள்ளை விழுந்துட்டாரு. கைப்பிடிச் சுவர் இன்னும் வைக்கல. அது வர்ற வரைக்கும் ஓரத்துல கம்பைக் கட்டித் தடுப்பு வைக்கணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கான். கம்பு, கயிறு, கட்டுறதுக்கு ஆளு, அவுக்கிறதுக்கு ஆளு. எந்த பார்ட்டி சார் இதுக்குக் காசு தருவான்? முடிஞ்சதும் அவுத்துப் போடுற சாமான். என் சைட்டு எதுலயும் அது கிடையாது, அதுவரைக்கும் ஒருத்தனும் விழுந்ததும் கிடையாது. இவரு விழுந்தாரு. எப்படி? போன் பேசிக்கிட்டே பின்னால நடந்திருக்காரு. சைட்ல நின்னுக்கிட்டு போன் பேசலாமா? என்கிட்டதான் பேசிக்கிட்டிருந்தாரு, சிமென்ட் மூட்டை கணக்குல இடிக்குதேன்னு நான்தான் சத்தம் போட்டுக்கிட்டிருந்தேன், அது வேற விஷயம். திடீர்னு அந்தப் பக்கம் பேச்சே இல்ல. என்னையே கட் பண்ணுற அளவுக்கு வந்துட்டாரான்னு எனக்கு வந்த கோவம் இருக்கே, திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டே இருந்தேன்.

உசுரு தப்பிச்சுது. முதுகுத் தண்டுல அடி. இடுப்புக்குக் கீழ கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நான்தான் பாத்தேன், இதை அந்தத் தெருக்காரங்க எவனாவது உங்ககிட்ட சொன்னானா? சொல்ல மாட்டான். அங்கயும் நான் சும்மா விடல. ஐட்டம் ஐட்டமா பில்லு கொடுன்னு உக்காந்துட்டேன். தினம் ஒருத்தர் வந்து காலைத் தூக்கி மடக்கி இறக்குறதுக்கு ஒரு சார்ஜ் போட்டிருந்தான். இது லேபர் ஐட்டம்தானே, வீட்டுல தங்கச்சி செஞ்சுட்டுப் போறா, வெட்டுன்னேன். வெட்டினான். அந்த கேஷியரே அசந்துபோயிட்டான் சார், உங்களை மாதிரி ஆளு எங்க ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர் வேணும்னான்.

அப்புறம் மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க கிளம்பி வந்தாங்க. அவரோட பெரியப்பா, கலெக்டர் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவரு, சட்டம் பேசினாரு. நஷ்டஈடு, லேபர் கோர்ட்டு, போலீஸ்னு. நான் பொறுமையாக் கேட்டுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னேன். கேஸ் போடுங்க, தாராளமாப் போடுங்க, தீர்ப்பு வரும்போது யாரு இருப்பா யாரு இல்லன்னு தெரியாது. காசாக் கொடுத்தாலும் கரைஞ்சிடும். மாப்பிள்ளை பேர்ல புதூர்ல மனை சும்மா கிடக்குது. நீங்க கேக்குற தொகைக்கே அதுல ஒரு வீடு கட்டித் தந்துடறேன். கீழ இவங்க இருக்கட்டும், மேல வாடகைக்கு விடட்டும், கடைசி வரைக்கும் சோத்துக்குக் கவலையில்ல. அந்தப் பெரியப்பாவே தலையாட்டிட்டாரு. இதோட இந்த விபத்து சம்பந்தமா ஒரு பாத்தியதையும் இல்லன்னு பத்திரத்துல எழுதி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிக்கிட்டேன். சொந்தம்னாலும் பேப்பர் பேப்பர்தான் சார்.

எஸ்டிமேட்டை மாப்பிள்ளை கட்டில் பக்கத்துல உக்காந்துதான் போட்டேன். அவரும் தொழில்காரர் இல்லையா, மரியாதை. டைல்ஸ் என்ன, கதவு என்ன, எதையும் அவரு கேக்கல. சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டே ஒண்ணு மட்டும் கேட்டாரு.

"மச்சான், வாசல்லேர்ந்து ரோட்டுக்குச் சாய்வா ஒரு ராம்ப் மட்டும் போட்டுடுங்க. சக்கர நாற்காலியை நானே தள்ளிக்கிட்டு வெளிய போயி வரணும். யாரையும் கூப்பிடக் கூடாது."

இதுக்கென்ன மாப்பிள்ளைன்னு அதை முதல் ஐட்டமாவே எழுதினேன். நம்புங்க சார், முதல் ஐட்டம். எதுக்குக் கேட்டாருன்னா, பைபாஸ்ல பாரூக் பாய்னு ஒருத்தர் எடைமேடை வச்சிருக்காரு, லாரியை ஏத்தி எடை போட்டு சீட்டு கொடுக்கிற இடம். உக்காந்த இடத்துல வேலை. குமரகுரு நேர்மையான ஆளு, நடக்க முடியலன்னா என்ன, வந்து உக்காருங்கன்னு பாய் சொல்லியிருந்தாரு. அரசாங்கத்துல மூணு சக்கர ஸ்கூட்டரும் கொடுத்துட்டான். ரோட்டுக்கு இறங்கிட்டா வண்டியில ஏறிப் போயிடலாம். சம்பாதிச்சு சாப்பிடணும், எவன் கையையும் எதிர்பாக்கக் கூடாதுன்னு அவருக்கு ஒரு வைராக்கியம். எனக்கும் சந்தோஷம்தான். மாசாமாசம் செண்பகம் இந்த வாசல்ல வந்து நிக்க வேண்டியதில்ல பாருங்க.

இப்ப பேஸ்மட்டத்துக்கு வர்றேன். இங்கதான் ஊர்க்காரன் எல்லாரும் என்னைத் தப்பாப் புரிஞ்சுக்கிறான். முதல்ல நான் போட்டது ஒன்றரை அடி. தரையிலேர்ந்து வீட்டுத்தளம் அவ்வளவுதான் ஏறியிருக்கும், ராம்ப்பும் சுளுவா வந்திருக்கும். அந்த நேரம் பாத்து ஜங்ஷன் பக்கம் ஒரு பழைய லாட்ஜை இடிக்கிற வேலை என் கைக்கு வந்துச்சு. இடிக்கிறது சுலபம் சார், இடிச்சதைக் கொட்டுறதுதான் கழுத்தறுப்பு. ஊருக்குள்ள கொட்டினா ஃபைன் போடுவான். வெளிய கொட்டணும்னா லாரி வாடகை, அந்த இடத்துக்காரனுக்குத் தனியா அழணும். ராத்திரி பூரா யோசனை. செண்பகம் வீட்டு அஸ்திவாரம் நாலு பக்கமும் சுவர் எழும்பி, நடுவுல வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. அதை நிரப்ப மண்ணு வாங்கணும். மண்ணு இன்னைக்கு என்ன விலை விக்குது தெரியுமா? அங்க காசு கொடுத்துக் கொட்டணும், இங்க காசு கொடுத்து நிரப்பணும். ரெண்டையும் சேத்துட்டேன். இதுக்குப் பேருதான் காஸ்ட் கண்ட்ரோல். காலேஜ்ல இதைச் சொல்லித் தர மாட்டான்.

ஆனா லாட்ஜு பெரிசு. கொட்டக் கொட்டத் தீரல. பேஸ்மட்டச் சுவரை இன்னும் ரெண்டு வரிசை ஏத்தினேன், அதுவும் நிரம்பிடுச்சு. இன்னும் கொஞ்சம் ஏத்தினேன். கடைசியில நாலரை அடியில வந்து நின்னுச்சு. கூடுதலாப் போன செங்கல்லு, சிமென்ட்டு, கொத்தனார் கூலியை மட்டும் வீட்டுக் கணக்குல எழுதினேன். வீட்டுக்குத்தானே சார் போச்சு? அதை லாட்ஜுக் கணக்குல எழுதினா நியாயமா?

நாலரை அடி தப்பா, நீங்களே சொல்லுங்க. நம்ம ஊர்ல புது ரோடு போடுறவன் பழைய ரோட்டைச் சுரண்டிட்டா போடுறான்? அது மேலயே ஒரு அடுக்கு, அது மேல இன்னொரு அடுக்கு. பத்து வருஷம் போனா ரோடு மேல இருக்கும், வீடு கீழ இருக்கும், மழை பெஞ்சா தண்ணி அடுப்படிக்கு வரும். அந்தத் தெருவுல எல்லாருக்கும் வரும், என் தங்கச்சி வீட்டுக்கு மட்டும் வராது. அவளுக்காகத்தானே அப்படிப் பண்ணேன்? லாட்ஜு இடிபாடு ஒரு சாக்குதான்.

தளம் போட்ட அன்னைக்கு மாப்பிள்ளையைச் செண்பகம் ஆட்டோவுல வச்சுக் கூட்டிட்டு வந்தா. இறங்க முடியாதே, ஆட்டோவுக்குள்ள உக்காந்தபடியே பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. ராம்ப் எங்க வரும் மச்சான்னு கேட்டாரு. நான் பேப்பரை எடுத்துக் கணக்கு போட்டுக் காட்டினேன். ஒரு அடி ஏறணும்னா பன்னெண்டு அடி நீளம் வேணும். நாலரை அடி ஏறணும்னா அம்பத்து நாலு அடி. வாசலுக்கு முன்னாடி அவ்வளவு இடம் ஏது மாப்பிள்ளை? ரோட்டுல நீட்டினா கார்ப்பரேஷன்காரன் வந்து இடிச்சிடுவான். கணக்கு கணக்குதானே, அதுல நான் என்ன பொய்யா சொன்னேன்? அவரும் தொழில்காரர், விடல. பக்கவாட்டுச் சந்துல ஓட்டி, பின்னால திருப்பி விட்டா வருமேன்னாரு. அங்க மாடிக்கு படிக்கட்டு வருது, படிக்கட்டு இல்லாம மாடியை யாருக்கு வாடகைக்கு விடுவீங்கன்னேன். அவரு ஆட்டோக்காரனைப் பாத்து, போலாம்பான்னாரு.

செண்பகம்தான் விடாம நச்சரிச்சா. நான் என்ன முடியாதுன்னா சொன்னேன்? கடைசியில பாத்துக்கலாம்மான்னேன். எந்த வேலையிலயும் ராம்ப் மாதிரி சில்லறை ஐட்டமெல்லாம் கடைசியிலதான் வரும். அதுக்குள்ள எலிவேஷன் வந்துடுச்சு. வாசலுக்கு நேரா கறுப்பு கிரானைட்ல ஏழு படி, ரெண்டு பக்கமும் உருண்டைத் தூண், மேல விளக்கு. அந்த அழகுக்கு முன்னாடி கொண்டுபோயி ஒரு சாய்வைப் போட்டா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் சார். பாக்கிறவன் கண்ணு கூசும்.

கிரகப்பிரவேசத்துக்கு ஊரே வந்துச்சு. மாப்பிள்ளையை ஒரு சேர்ல உக்கார வச்சு நாலு பேரு தூக்கிட்டு ஏறினானுங்க. சாமி ஏறுற மாதிரி இருக்கு பாருங்கன்னு நான்தான் சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க. சேர் ஒரு பக்கம் சாய்ஞ்சு அவரு வேட்டி விலகிடுச்சு. கையால எட்டி இழுத்து விடப் பாத்தாரு, கையை எடுத்தா விழுந்துடுவாரு, அதனால கண்ணை மூடிக்கிட்டாரு. செண்பகம் ஓடிப்போயி துண்டைப் போட்டா. வந்தவங்க எல்லாரும் படியைத்தான் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. கிரானைட் எங்க எடுத்தீங்கன்னு ஒரு பார்ட்டி அங்கயே எனக்கு அடுத்த வேலை கொடுத்தான்.

அன்னைக்கு ஏறினவரு அப்புறம் இறங்கல. இறக்கணும்னா நாலு ஆளு வேணும். தினம் காலையில நாலு ஆளுக்கு எங்க போவா? ஸ்கூட்டர் கீழ கேட்டு ஓரமா நின்னுச்சு, அவரு மேல ஜன்னலோரமா உக்காந்து அதைப் பாத்துக்கிட்டிருந்தாரு. பாரூக் பாய் நல்ல மனுஷன், பத்து நாள் பாத்தாரு, இன்னும் பத்து நாள் பாத்தாரு, வேற ஆளு போடட்டுமான்னு கேட்டு அனுப்பினாரு. செண்பகம் இங்கயே வந்துட்டா. நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த நாற்காலியிலதான் உக்காந்தா. வேலை போயிடும்ணே, எப்படியாவது பண்ணிக்கொடுன்னு அழுதா. எனக்கு மனசு கேக்கல. ஆனா எஸ்டிமேட் முடிஞ்சு போச்சே சார்? பேஸ்மட்டமே பாதியை முழுங்கிடுச்சு. ராம்ப்பை எக்ஸ்ட்ரா ஐட்டமாத்தான் போட முடியும். உடனே ஒரு கொட்டேஷன் அடிச்சு, தங்கச்சிங்கிறதால பத்து பர்சன்ட் கழிச்சே கையில கொடுத்தேன். வேற எவனுக்கும் கழிச்சதில்ல. அதை வாங்கி நாலா மடிச்சு இடுப்புல செருகிக்கிட்டு, காபிகூட குடிக்காமப் போயிட்டா. எல்லாத்துக்கும் முகத்தைத் தூக்கி வச்சுக்கிற குணம் சின்ன வயசுலேர்ந்தே உண்டு.

அதுக்கப்புறம் மாப்பிள்ளை என்ன பண்ணாரு தெரியுமா? படியில உக்காந்து இறங்க ஆரம்பிச்சுட்டாரு. காலையில செண்பகம் நாற்காலியைக் கீழ கொண்டுபோயி வைப்பா. இவரு மேல் படியில உக்காந்து, ரெண்டு கையையும் ஊணி, இடுப்பைத் தூக்கி அடுத்த படியில வைப்பாரு. காலு ரெண்டும் முன்னால துவண்டு கிடக்கும். பாதி நேரம் கை வழுக்கி தொப்புனு விழுவாரு. சாயங்காலம் அதே மாதிரி ஏறணும். இறங்குறதை விட ஏறுறதுக்கு நேரம் ஆகும். எதிர் வீட்டுக்காரன், பால்காரன், ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்க, எல்லாம் நின்னு பாக்கும். மழையில கிரானைட் வழுக்குமே, அன்னைக்கெல்லாம் பாக்கவே முடியாதாம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? டீக்கடையில நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசுறான். மச்சான் கட்டின மாளிகையில மாப்பிள்ளை தவழுறாருன்னு. ஒரு பார்ட்டி அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டான் சார். எனக்குச் சுருக்குனு ஆச்சு. வேணும்னே பண்றாருய்யா இந்த மனுஷன், என் பேரைக் கெடுக்கிறதுக்குன்னு தோணிச்சு. நேரா ஒரு நாள் காலையில அங்க போயி நின்னேன். அவரு நாலாவது படியில இருந்தாரு. வேர்த்து ஊத்துது. மாப்பிள்ளை, ஊரு பாக்கிற மாதிரி இப்படிப் பண்றீங்களே, எனக்கு ஒரு மரியாதை இருக்கில்லன்னு தன்மையாத்தான் கேட்டேன். அண்ணாந்து என்னைப் பாத்து சிரிச்சாரு.

"எனக்குத்தான் கீழ வலியே தெரியாதே மச்சான். அதனால உங்க படி நல்ல படிதான்."

அவ்வளவு சொன்னாரு. எனக்கு மனசு நிறைஞ்சுபோச்சு. தொழில் தெரிஞ்சவன் வாயால வர்ற பாராட்டு வேற சார். சரி, இவருக்கு நம்ம மேல ஒண்ணும் மனத்தாங்கல் இல்ல, செண்பகம்தான் ஊதி விடுறான்னு புரிஞ்சுக்கிட்டேன். ராம்ப் பேச்சை அதோட விட்டுட்டேன். அவரே பழகிக்கிட்டாரே, இனிமே எதுக்கு அந்தச் செலவு?

கொஞ்ச காலம் அப்படியே வேலைக்குப் போனாரு. முதல் சம்பளத்துல செண்பகத்துக்குப் புடவை எடுத்தாராம். நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. அப்புறம் பின்னால புண்ணு வந்துடுச்சு. படியில தினம் உரசி உரசி தோல் போயிருக்கு. வலி தெரிஞ்சாத்தானே பாப்பாரு? இவருக்குத் தெரியல. செண்பகம் கேட்டப்பவும் ஒண்ணுமில்லன்னு சொல்லியிருக்காரு, தெரிஞ்சே சொன்னாரோ தெரியாமச் சொன்னாரோ. வேலையை விட மனசில்ல. வாடை வந்தப்புறம்தான் துணியை விலக்கிப் பாத்திருக்கா. எலும்பு தெரிஞ்சுதாம். டாக்டர் அவளைப் புடிச்சு வாங்கு வாங்குனு வாங்கியிருக்காரு, இவரை யாரும்மா படியில இழுத்துக்கிட்டுப் போக விட்டதுன்னு. நான் போயி நின்னப்ப எனக்கும் ரெண்டு விழுந்துச்சு. நான் டாக்டர்கிட்டயே கேட்டேன், வலியே தெரியாத இடத்துல புண்ணு வந்தா என்ன சார், மெதுவா ஆறட்டுமேன்னு. அவரு என்னை ஒரு மாதிரி பாத்துட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு. படிச்ச திமிரு.

ரத்தத்துல சீழ் கலந்துடுச்சுன்னாங்க. இனிமே இங்க வச்சு என்ன பண்றதுன்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க, அதே மாதிரி நாலு பேரு தூக்கித்தான் ஏத்தினானுங்க. கடைசி ரெண்டு நாள் நினைவு தப்பி எடைமேடைக் கணக்கையே சொல்லிக்கிட்டிருந்தாராம், அந்த லாரி இந்த லாரின்னு. விடிகாலையில போயிட்டாரு. வயசு நாப்பதுகூட இல்ல சார். நானும் மனுஷன்தானே. அழுதுகிட்டேதான் போனேன்.

போனா அங்க ஒரு சங்கடம். ஃப்ரீசர் பாக்ஸ் கொண்டுவந்த பசங்க கீழயே நிக்கிறானுங்க. படி செங்குத்தா இருக்கு, இவ்வளவு கனத்தைத் தூக்கி ஏத்தினா கண்ணாடி உடையும், எங்களால ஆகாதுன்னுட்டானுங்க. பந்தல்ல உக்காந்திருக்கிற கூட்டம் பூரா திரும்பி என்னையே பாக்குது. அந்தப் பெரியப்பா சத்தமாவே கேக்குறாரு, உசுரோட இருந்தப்பதான் இறங்க வழியில்ல, இப்பவும் இல்லையான்னு. எனக்கு எப்படி இருக்கும்? நூறு வீடு கட்டினவன் சார் நான்.

சைட்டுக்கு ஒரு போன் போட்டேன். கான்கிரீட்டுக்கு அடியில சென்ட்ரிங் போடுற இரும்பு ஷீட்டு, முட்டுக் கொடுக்கிற ஜாக்கி, ரெண்டு ஆளு. வண்டி வந்து நின்னதும் நானே சட்டையைக் கழட்டிட்டு இறங்கிட்டேன். கேட்டைக் கழட்டி ஓரமா வச்சேன், படி மேல ஷீட்டைச் சாய்வாப் போட்டு அடியில முட்டுக் கொடுத்தேன். தெரு பூரா பந்தல் போட்டு அடைச்சாச்சு, அன்னைக்கு எவன் வந்து கேக்கப் போறான், நல்லா ரோட்டு மேலயே நீட்டிவிட்டேன். டேப்பைக்கூட எடுக்கல, எல்லாம் கண்ணளவு. அரை மணி நேரம் ஆகியிருந்தா அதிகம். பெட்டியில சக்கரம் இருந்துச்சு, ஒரே ஆளு தள்ளிக்கிட்டு ஏறிட்டான். சாயங்காலம் மாப்பிள்ளையைப் பெட்டியில வச்சு அதே வழியாத்தான் இறக்கினோம். ஒரு குலுக்கல் இல்ல, ஒரு சத்தம் இல்ல.

செண்பகம் உள்ளேர்ந்து எழுந்து வந்தா. கூட நின்ன பொம்பளைங்க புடிச்சதையும் உதறிட்டு வாசப்படியில வந்து நின்னா. மாப்பிள்ளை போன பக்கம் பாக்கல. அந்த ஷீட்டைத்தான் பாத்தா. வாசல்லேர்ந்து ரோடு வரைக்கும் பாத்தா. ஒத்தைக் காலை அது மேல வச்சு அமுத்திப் பாத்தா. அப்புறம் என் பக்கம் திரும்பினா.

"இவ்வளவுதானாண்ணே?"

வேலை சுத்தமா இல்லன்னு நினைச்சுக்கிட்டா போல. அத்தனை துக்கத்துலயும் குறை கண்டுபிடிக்கத் தோணுது பாருங்க. நான் கோவிச்சுக்கல சார். பக்கத்துல போயி தோள்ல கை வச்சு மெதுவாத்தான் சொன்னேன், ஆமாம்மா, இவ்வளவுதான், ஒரு பைசா செலவில்ல, எல்லாம் நம்ம சைட்டு சாமான், மயானத்துக்குப் போனவங்க திரும்புறதுக்குள்ள கழட்டி எடுத்துட்டுப் போயிடறேன்னு.